ஒரு துண்டு ரொட்டிக்கு எத்தனை வயது?

அக்டோபர் மாதக் கடைசியில் நகரத்துக் கடைகளில் பூசணிக்காய் முகமூடிகளும் கூம்புத் தொப்பிகளும் தொங்கத் தொடங்குகின்றன. 'ஹாலோவீன்' என்ற சொல்லை நம் மாணவர்கள் பலர் கார்ட்டூன் தொடர்களிலும் கைப்பேசியிலும் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது என்ன நாள் என்று கேட்டால், 'பேய்த் திருவிழா சார்' என்ற பதில்தான் வருகிறது. அந்த நாளுக்குப் பின்னால் ஓர் அறுவடைக் காலத்தின் முடிவும், குளிருக்கு ஆயத்தமாகும் ஒரு நாட்டின் கவலையும், அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு ரொட்டியும் இருப்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அந்த ரொட்டியைப் பற்றியது இக்கட்டுரை. அதை முட்டையும் பாலும் இல்லாமல் எப்படிச் செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று பார்ப்போம். கூடவே, 'இது பாரம்பரியம்' என்று யாராவது சொன்னால் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதை மாணவர்களுக்குக் கற்றுத்தரவும் இந்த ரொட்டியைப் பயன்படுத்தலாம்.

குளிர்காலத்தின் வாசல்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் வாழ்ந்த கேலிக் மொழி மக்களின் பழைய விழா 'சௌவின்'. அக்டோபர் 31 மாலையில் தொடங்கி நவம்பர் 1 வரை நீள்வது. இடைக்கால ஐரிஷ் இலக்கியங்களில் இந்நாள் திரும்பத் திரும்ப வருகிறது. அறுவடை முடிந்துவிடும். கோடையில் மேய்ச்சலுக்குப் போன மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். குளிர்காலம் முழுவதற்கும் தீவனம் போதாது என்பதால் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை வெட்டுவது என்று முடிவு செய்யும் நேரமும் அதுதான். குன்றுகளின் மேல் பெருந்தீ மூட்டுவார்கள்.

இலையுதிர் காலம் என்பது நம் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகச் சொல். எண்களைக் கொண்டு அதைக் காட்டலாம். அக்டோபர் 31 அன்று சென்னையில் பகல் பொழுது சுமார் 11 1/2 மணி நேரம். அதே நாளில் டப்ளின் நகரில் சுமார் 9 மணி 40 நிமிடம். டிசம்பர் 21 அன்று டப்ளினில் அது ஏறத்தாழ 7 1/2 மணி நேரமாகச் சுருங்கிவிடும். நமக்கு ஐப்பசி அடைமழைக் காலம். வயலில் வேலை நடக்கும். அவர்களுக்கோ வயல் வேலை ஓய்ந்து, இருட்டு கூடிக்கொண்டே போகும் காலம். களஞ்சியத்தில் உள்ளதைக் கொண்டு இனி சில மாதங்களைக் கடத்த வேண்டும். இறந்தவர்களை நினைப்பதும், வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்று குறி பார்ப்பதும் அந்த இரவோடு சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

கிறித்தவம் பரவிய பிறகு, நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாளாக 9-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில் வந்ததே 'ஹாலோவீன்' என்ற ஆங்கிலப் பெயர். அடுத்த நாளான நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களை நினைக்கும் நாள். தமிழகத்தில் கல்லறைத் திருநாள் என்று கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து மெழுகுவத்தி ஏற்றும் நாளும் இதுதான். உங்கள் வகுப்பிலேயே இந்த நாளை நன்கு அறிந்த குழந்தைகள் இருக்கக்கூடும். அவர்களைப் பேசச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கலாம்.

'பேகன்' என்ற சொல்

ஆங்கிலத்தில் 'பேகன்' என்பது கிறித்தவத்துக்கு முற்பட்ட வழிபாடுகளைக் குறிக்கப் பயன்பட்ட சொல். மயிலுக்குப் போர்வை தந்த நம் கடையெழு வள்ளலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தமிழாசிரியர் நடத்தும் பாடமும் சமூக அறிவியல் ஆசிரியர் நடத்தும் பாடமும் ஒரே நாளில் வந்தால் குழப்பம் நிச்சயம். இது 'பகானுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் நாட்டுப்புறத்தான். 'பட்டிக்காட்டான்' என்ற சொல்லை நாம் எந்தத் தொனியில் கேட்டிருக்கிறோமோ, அந்தத் தொனி இதிலும் ஏறியது. பிறர் இட்ட பெயரை இன்று சிலர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு இயற்கையையும் பருவங்களையும் வழிபடும் புதிய பேகனியக் குழுக்கள் வெளிப்படையாக இயங்கத் தொடங்கின. ஆண்டுக்கு எட்டு விழாக்கள் கொண்ட 'ஆண்டுச் சக்கரம்' என்ற அமைப்பு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. சௌவின் அவற்றில் ஒன்று. செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு 'மேபன்' என்ற பெயர் 1970-களில் அமெரிக்காவில்தான் வைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தம் சமயத்தைப் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரவின் ரொட்டி

அயர்லாந்தில் அந்த மாலைக்கு உரிய பண்டம் 'பார்ம்பிராக்'. ஐரிஷ் மொழியில் 'பாரீன் பிராக்', அதாவது புள்ளி போட்ட ரொட்டி. புள்ளிகள் என்பவை உலர்திராட்சைகள். பழைய முறையில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். பிற்காலத்தில் உலர்பழங்களை இரவு முழுவதும் தேநீரில் ஊறவைத்துச் செய்யும் எளிய வகையும் பரவியது.

ரொட்டிக்குள் சில பொருள்களை ஒளித்துவைப்பது இதன் சிறப்பு. துண்டில் மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம். நாணயம் கிடைத்தால் செல்வம், கந்தைத் துணி கிடைத்தால் வறுமை, பட்டாணி கிடைத்தால் அந்த ஆண்டு திருமணம் இல்லை. இன்றும் அயர்லாந்துக் கடைகளில் ஹாலோவீன் நேரத்தில் மோதிரம் வைத்த பார்ம்பிராக் விற்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-இல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'களிமண்' என்ற பொருள் தரும் தலைப்புடைய கதையிலும் இந்த ரொட்டி வருகிறது.

இங்கிலாந்தில் இதற்கு இணையானது 'ஆன்மா கேக்' எனப்படும் சிறு வட்ட ரொட்டி. மாவு, வெண்ணெய், சர்க்கரை, நறுமணப் பொருள்கள் சேர்ந்தது. ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போய்ப் பாடி இதைப் பெற்றுக்கொண்டு, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். செஷயர், ஷ்ராப்ஷயர் பகுதிகளில் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

பொருள்களிடம் வயது கேட்போம்

இனி வகுப்பறைக்கான கேள்வி. 'ஆயிரம் ஆண்டுப் பழைமையான கெல்டிக் பண்டம்' என்று ஒரு சமையல் குறிப்பு சொன்னால் நம்பலாமா? ஒவ்வொரு பொருளாக எடுத்து, 'நீ எங்கே பிறந்தாய்? அயர்லாந்துக்கு எப்போது போனாய்?' என்று கேட்டால் விடை தானாக வரும்.

ஓட்ஸ், பார்லி, கோதுமை, ஆப்பிள், ஹேசல் கொட்டை ஆகியவை பழைய அயர்லாந்திலேயே கிடைத்தவை. சர்க்கரை கரும்பிலிருந்து வந்தது. பல ஐரோப்பிய மொழிகளில் அதன் பெயரே 'சர்க்கரா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது. இலவங்கப்பட்டை இலங்கையிலிருந்தும், ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்தும் கப்பலேறிப் போனவை. தேநீர் ஐரோப்பாவைத் தொட்டதே 17-ஆம் நூற்றாண்டில். சாதாரண ஐரிஷ் வீடுகளுக்குப் போய்ச் சேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. சமையல் சோடா 19-ஆம் நூற்றாண்டின் வரவு. ஹாலோவீனின் அடையாளமாகிவிட்ட பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். 1492-க்கு முன் ஐரோப்பியர் எவரும் அதைப் பார்த்ததில்லை. அயர்லாந்தில் விளக்குச் செய்ய அவர்கள் குடைந்தது டர்னிப் கிழங்கை.

ஆக, தேநீரில் ஊறிய பார்ம்பிராக்குக்கு வயது இருநூறு ஆண்டுக்குச் சற்று முன்பின் இருக்கலாம். விழாவுக்கோ ஆயிரத்துக்கும் மேல். விழா பழையது, பண்டம் இளையது. இரண்டையும் ஒரே வயதாக எண்ணுவதுதான் பிழை.

நனிசைவம் எப்படி வந்தது?

பால், முட்டை, தேன் உள்ளிட்ட விலங்குவழிப் பொருள் எதையும் கொள்ளாத உணவுமுறையை நனிசைவம் என்கிறோம். 'வீகன்' என்ற ஆங்கிலச் சொல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் சங்கம் தொடங்கிய 1944-ஆம் ஆண்டில் பிறந்தது. அச்சங்கத்தின் 50-ஆம் ஆண்டான 1994 முதல் நவம்பர் 1 உலக நனிசைவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது சௌவின் நாளும்கூட. பேகனியர் எல்லாரும் நனிசைவர் அல்லர். ஆனால் இயற்கையைப் போற்றும் விழாவில் விலங்குகளுக்குத் துன்பம் தராத உணவே வேண்டும் என்று கருதுவோர் அவர்களிடையே உள்ளனர்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய அயர்லாந்து பாலிலும் வெண்ணெயிலும் திளைத்த நாடு; சௌவின் கால்நடைகளை வெட்டும் பருவமும்கூட. 'பழங்காலப் பேகனியர் நனிசைவர்களாக இருந்தார்கள்' என்று எவரேனும் சொன்னால் அதற்குச் சான்று இல்லை.

அதே வேளையில், பால், முட்டை இல்லாமல் சுடுவது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. இடைக்கால ஐரோப்பாவில் நோன்பு நாள்களில் கிறித்தவர்கள் வெண்ணெய், பால், முட்டை ஆகியவற்றைத் தவிர்த்தார்கள். வசதியுள்ள வீடுகளில் பாதாம் பால் எடுத்துச் சமைத்தார்கள். நோன்புக் காலத்து ரொட்டியில் வெண்ணெய் சேர்க்கச் சாக்சனி நாட்டவர் போப்பாண்டவரிடம் அனுமதி கேட்டுப் பெற்றது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

இன்னொரு நிகழ்வு நம் கவனத்துக்குரியது. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு மாவையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரையும் பேர்ட் உருவாக்கினார். வீட்டில் ஒருவர் சாப்பிட முடியவில்லை என்பதால் உண்டான பொருள் இன்று உலகெங்கும் அடுக்களைகளில் இருக்கிறது.

முட்டையும் வெண்ணெயும் செய்யும் வேலை

ஒரு பொருளை நீக்க வேண்டுமானால் அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். முட்டைக்கு மூன்று வேலை. அதன் புரதங்கள் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இறுகி, கேக்குக்கு உருவம் தருகின்றன. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைக்கிறது. அடித்துக் கலக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கிறது.

பார்ம்பிராக்கில் முதல் வேலையே முக்கியம். அதற்கு ஆளிவிதை உதவும். 1 மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை 3 மேசைக்கரண்டி நீரில் 10 நிமிடம் வைத்தால் வழவழப்பான கூழாகும். விதையின் மேலுறையில் உள்ள நீர் உறிஞ்சும் பசைதான் காரணம். ஒரு முட்டைக்கு இது ஈடு. அயர்லாந்தில் லினன் துணிக்காக நெடுங்காலம் பயிரான செடியும் இதுவே. ஆளிவிதை கிடைக்காவிட்டால் நன்கு பழுத்த வாழைப்பழத்தில் பாதியை மசித்துச் சேர்க்கலாம். வாழைப்பழ மணம் மட்டும் கூடும்.

காற்றுக்கு, சமையல் சோடாவும் ஓர் அமிலமும் போதும். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வெளியாகி மாவை உப்பச் செய்யும். இட்லி மாவில் நுண்ணுயிரிகள் இரவு முழுவதும் செய்யும் வேலையை இது சில நிமிடங்களில் செய்கிறது.

வெண்ணெயின் வேலை, மாவிலுள்ள குளூட்டன் நீண்ட இழைகளாகாமல் தடுத்து மொறுமொறுப்புத் தருவது. ஆன்மா கேக்கில் அதற்குப் பதில் உறைந்த தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 விழுக்காடு. எஞ்சியது பெரும்பாலும் நீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் தேங்காய் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான நீரும் சரி.

தேநீர் பார்ம்பிராக்: செய்முறை

தேவையானவை: உலர்திராட்சை, நறுக்கிய பேரீச்சை முதலிய உலர்பழங்கள் 350 கிராம், பால் சேர்க்காத கடுந்தேநீர் 250 மில்லி, நாட்டுச் சர்க்கரை 125 கிராம், மைதா அல்லது கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதி 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 1/2 தேக்கரண்டி, இலவங்கப்பட்டைப் பொடி 1 தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் 1 சிட்டிகை, ஆளிவிதைக் கூழ், மேலே சொன்ன அளவு.

பழங்களையும் சர்க்கரையையும் சூடான தேநீரில் போட்டு மூடி, இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் ஆளிவிதைக் கூழைச் சேருங்கள். மாவு, பேக்கிங் பவுடர், பொடிகள் ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் கலக்கினால் ரொட்டி இறுகிவிடும். எண்ணெய் தடவிய நீள அச்சில் ஊற்றி, 170 டிகிரி செல்சியஸில் சுமார் 1 மணி நேரம் சுடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. மேற்புறம் விரைவில் கருகத் தொடங்கினால் தாளால் மூடலாம். அவன் இல்லாதவர்கள் அடிகனமான பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடிச் சிறுதீயில் சுடலாம், நேரம் கூடுதலாகும்.

இந்த வகையில் வெண்ணெயோ எண்ணெயோ மரபாகவே இல்லை. முட்டை ஒன்றை மாற்றியதும் முழு ரொட்டியும் நனிசைவமாகிவிடுகிறது. ஒரு நாள் கழித்து வெட்டினால் சுவை கூடும்.

வகுப்பறையில்

சுடுவதை ஆசிரியர் வீட்டிலேயே செய்துகொண்டு வரலாம். வகுப்பில் அடுப்பு வேண்டாம். உண்ணத் தருவதற்கு முன் எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்று பெற்றோரிடம் கேட்டறிவது கட்டாயம். கோதுமையும் கொட்டைகளும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளா. மோதிரம், நாணயம் எதையும் ரொட்டிக்குள் வைக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். பதிலாக, ஒவ்வொரு துண்டோடும் மடித்த சீட்டு ஒன்று தரலாம். 'கந்தைத் துணி' போன்ற குறிகளை விட்டுவிட்டு, மாணவர்களையே நல்ல குறிகள் எழுதச் சொல்லுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு: புட்டியில் வெதுவெதுப்பான நீர், சர்க்கரை, ஈஸ்ட் இட்டு வாயில் பலூனை மாட்டுங்கள். இன்னொரு புட்டியில் வினிகரும் சமையல் சோடாவும். எந்தப் பலூன் முதலில் உப்பும் என்று ஊகித்து எழுதச் செய்து, பிறகு பார்க்கட்டும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: உலக வரைபடத்தில் ரொட்டியின் ஒவ்வொரு பொருளுக்கும் பிறந்த இடத்திலிருந்து டப்ளினுக்கு நூல் கட்டுங்கள். ஒரு துண்டு ரொட்டியில் எத்தனை கடல்கள் சேர்ந்திருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து போகும் நூல் நம் கடற்கரையை ஒட்டியே போகும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: 'பாரம்பரியம்' என்ற சொல்லோடு வரும் ஒரு விளம்பரத்தைக் குழுக்களுக்குக் கொடுங்கள். மூன்று கேள்விகள் போதும். இதில் எந்தப் பகுதி பழையது? எந்தப் பகுதி புதியது? அந்தப் புதிய பகுதியை யார், எந்தத் தேவைக்காகச் சேர்த்தார்கள்? அடுத்த நாள் தங்கள் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் ஒன்றின் மீதும் இக்கேள்விகளைக் கேட்டு வரட்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதைப் பலர் அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

இந்தப் பயிற்சியில் மாணவர்கள் இரண்டு பக்கமும் வழுக்கக்கூடும். எல்லாமே ஆதிகாலம் தொட்டு வருவது என்று நம்புவது ஒன்று. புதியது கலந்திருக்கிறது, ஆகவே எல்லாமே போலி என்று ஒதுக்குவது மற்றொன்று. மூன்றாவது கேள்வி இரண்டிலிருந்தும் காக்கும். மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், மாற்றியவரை ஏளனம் செய்யத் தோன்றாது.

இதற்கான எடுத்துக்காட்டு நம் பள்ளிகளிலேயே உண்டு. சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருகிறோம். அந்தக் குழந்தையும் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. உணவு நேரம் யாருக்கும் குறைந்துபோவதில்லை. ஆல்ஃபிரட் பேர்ட் தம் மனைவிக்காகச் செய்ததும், சௌவின் மாலையில் முட்டையில்லாத பார்ம்பிராக் சுடுபவர் செய்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. இதைச் சொல்லிவிட்டு ரொட்டியை வெட்டுங்கள். பேய்த் திருவிழா என்று பதில் சொன்ன மாணவருக்கே முதல் துண்டைக் கொடுங்கள்.